வால்வு தைக்கும் டெய்லர்

எல்லோரும் அவரை டெய்லர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவர் துணி தைத்து வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது தைப்பது சவ்வு. மாட்டின் இதயத்தைச் சுற்றி மெல்லியதாக ஒரு பை இருக்கும். அந்தப் பையை மருந்துத் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்தி, இதழ் இதழாக வெட்டிக் கொடுப்பார்கள். மோதிரத்தைவிடச் சற்றே பெரிய கம்பி வளையம் ஒன்றில் மூன்று இதழ்களை வைத்துத் தைத்தால் மனிதனின் இதயத்துக்கு ஒரு வால்வு ரெடி. ரத்தம் போகும்போது திறக்கும், திரும்பி வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதவு ராத்திரி பகல் பார்க்காமல், லீவு கேட்காமல், வருஷக்கணக்கில் திறந்து மூட வேண்டும். வம்பே அதில்தான்.

முன்பு அவர் பெண்களுக்கான உடுப்புக் கடையில் கை வேலை பார்த்தார். கொக்கி வைப்பது, ஓரம் மடிப்பது, மணி கோர்ப்பது. கடைக்காரருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு நாள் வாய்த்தகராறு முற்றி, கத்திரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். வால்வு செய்யும் கம்பெனிக்கு ஊசி பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று வீட்டுக்காரி எங்கேயோ கேட்டு வந்து சொன்னாள். போனார். ஈரமான ரப்பர் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே தைக்கச் சொன்னார்கள். முதல் குத்திலேயே ஊசி எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். அவசரப்படாத கை என்று சொன்னார்களாம். சோம்பேறித்தனத்துக்கு இப்படியும் ஒரு பெயரா என்று வீட்டுக்காரி கேட்டாள்.

தைக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு கதவுகளைத் தாண்டி, அங்கி, தொப்பி, மாஸ்க், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். போனால் ஒரே குளிர். மேலேயிருந்து சுத்தக் காற்று சதா இறங்கிக்கொண்டே இருக்கும், அதன் இரைச்சல் வேறு. வரிசையாக மேஜைகள், மேஜைக்கொரு மைக்ராஸ்கோப், அதில் கண்ணைப் பதித்தபடி பெண்கள். ஆம்பளை இவர் ஒருத்தர்தான். சவ்வைக் கையால் தொடக் கூடாது, இடுக்கியால்தான் பிடிக்க வேண்டும். அது காய்ந்தாலும் போச்சு, அதனால் உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே தைக்க வேண்டும். நூலோ தலைமுடியைவிட மெல்லிசு. ஒரு வால்வு முடிவதற்குள் கழுத்து கழன்று விழுந்துவிடும்போல் இருக்கும். சாயங்காலம் வெளியே வந்தால் உலகமே பெரிதாகத் தெரியும். பஸ்ஸைப் பார்த்தால் யானை வருகிற மாதிரி இருக்கும் என்பார். கொஞ்ச நேரம் எதன் ஓரமும் கண்ணுக்கு நேராக நிற்காது.

மாடியில் ஆராய்ச்சிக்காரர்கள் இருந்தார்கள். மாட்டுச் சவ்விலுள்ள செல்களையெல்லாம் கழுவி எடுத்துவிட்டு, மிஞ்சுகிற வெறும் கூட்டில் நோயாளியின் சொந்தச் செல்களைக் குடியேற வைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மட்டும் பலித்துவிட்டால், குழந்தைக்கு வைக்கிற வால்வு குழந்தையோடு சேர்ந்து வளருமாம். இப்போதைக்கு ஆடுகளுக்கு வைத்துப் பார்க்கிறார்கள். அதையும் டெய்லர் தைத்திருக்கிறார். ஆட்டுக்குத்தானே என்று எவனும் ஒரு தையலைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை என்பது அவருடைய குறை.

அவருக்கு ஓர் அக்கா உண்டு. அம்மா அப்பா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள். வளர்த்த பாவத்துக்கு இன்றுவரை திட்டிக்கொண்டும் இருக்கிறாள். கொஞ்ச நாளாக அவளுக்கு மூச்சு வாங்கிற்று. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். கேட்டால், உங்க அத்தான் கட்டின படி, எல்லாம் கோணல் என்று வீட்டுக்காரர் மேல் பழியைப் போடுவாள். ஒரு நாள் குழாயடியில் பக்கெட்டோடு மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் வாசலில் இருக்கிற வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிப் போயிருந்தது. அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் அடுத்த மயக்கத்தில் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

என்ன வைப்பீர்கள் என்று அக்கா கேட்டாள். இந்த வயசுக்கு மாட்டுச் சவ்வு வால்வுதான் நல்லது என்று டாக்டர் சொல்லி, அது எந்தக் கம்பெனியில் வருகிறது என்பதையும் சொன்னார். அங்கேதான் பிடித்தது சனி.

"அது என் தம்பி கம்பெனி. அவன் தைச்சதா இருந்தா வைங்க. இல்லாட்டி வேணாம்."

டாக்டர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். அக்காவோ பிடித்த பிடியில் நின்றாள். கையெழுத்துப் போடச் சொல்லிப் பேப்பரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு தடவை தேதி குறித்தார்கள், வீணாகப் போயிற்று. மறுபடி குறித்தார்கள், அதுவும் போயிற்று. அத்தான் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், கடைசியில் மச்சினனைப் பிடித்துக்கொண்டார்.

"நீயே பேசு மாப்ள. என் பேச்சுக்கு அந்த வீட்டுல மரியாதை இருந்ததே கிடையாது. இப்ப திடீர்னு எங்கேர்ந்து வரப் போவுது?"

டெய்லர் தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். கம்பெனியிலிருந்து வால்வுகள் பெட்டி பெட்டியாகப் போகும். எது எந்த ஊருக்குப் போகும், எந்த நெஞ்சுக்குள் உட்காரும் என்பது தைத்தவருக்குத் தெரியாது. எந்த அளவு வேண்டும் என்பதே நெஞ்சைத் திறந்து அளந்து பார்த்த பிறகுதான் டாக்டருக்குத் தெரியும். அலமாரியில் அந்த அளவில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து வைப்பார்கள்.

"அப்ப எல்லா அளவுலயும் ஒண்ணு தச்சுக் குடு."

"அக்கா, அது செருப்பு இல்ல."

"செருப்புக் கடைக்காரனே ஆளைப் பாத்துத்தான் எடுத்துக் குடுக்கறான். உங்க கம்பெனிக்கு அதுகூடத் தெரியாதா?"

இப்படித்தான் ஒவ்வொரு நாளும் போகும். அவர் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்லுவாள். பாதியில் மூச்சு முட்டும், கையைக் காட்டி நிறுத்தச் சொல்வாள், மூச்சு வந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வாள். வீடு திரும்பும்போது அவருக்குச் சாப்பிடத் தெம்பு இருக்காது. வீட்டுக்காரி காலை ஷிஃப்டுக்குச் சீக்கிரம் போகிறவள், தூங்கியிருப்பாள். அவர் படுத்தாலும் தூக்கம் வராது. கண்ணை மூடினால் இதழும் நூலும்தான் தெரியும்.

சூப்பர்வைசர் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார். நல்ல மனுஷி. ஆனால் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"ஒரு ஆளுக்குன்னு எடுத்து வச்சா, அப்ப மத்தவங்களுக்குப் போறது என்ன? கழிச்சுக் கட்டினதா? எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கணும் டெய்லர். அதுக்குத்தான நாம இந்தப் பாடு படறோம்."

பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்து போயிற்று. அவளை எல்லோரும் ரேடியோ என்பார்கள். மாஸ்க் போட்டிருந்தாலும் வாய் ஓயாது. கை மட்டும் அறையிலேயே சுத்தமான கை. சாப்பாட்டு இடைவேளையில் டெய்லருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்ணே இதுக்குப் போய் மண்டைய உடைச்சுக்கறீங்க? ஆமாக்கா, நான் தச்சதுதான், பேர் எழுதி அனுப்பிட்டேன்னு சொல்லிடுங்க. உள்ள வச்சுத் தச்ச பிறகு அவங்க என்ன, திறந்தா பாக்கப் போறாங்க?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் ஒரு நாளைக்கு எத்தனை சொல்றேன். அவர் நல்லாத்தான இருக்காரு?"

அவருக்கும் அது தோன்றாமல் இல்லை. சொல்லியே விடலாம் என்று ஒரு சாயங்காலம் துணிந்து போனார். அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். வாயைத் திறந்தார், வேறு எதையோ பேசிவிட்டு வந்துவிட்டார். சின்ன வயதிலிருந்து அவர் பொய்யை அவர் சொல்வதற்கு முன்பே பிடிக்கிறவள் அவள்.

மூன்றாவது முறையாகத் தேதி குறித்தார்கள். மறுநாள் காலை. இந்தத் தடவையும் கையெழுத்து இல்லையென்றால் அந்த இடத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவோம், அதற்கப்புறம் நாங்கள் பொறுப்பில்லை என்றார் டாக்டர். அவரையும் தப்புச் சொல்ல முடியாது.

அன்றைக்கு டெய்லர் வேலைக்கு வந்தார். வந்திருக்கக் கூடாது. முந்தின ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று வந்துவிட்டார். மூன்றாவது இதழின் ஓரத்தை வளையத்தோடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். கடைசிக் குத்து, முடிச்சுப் போட்டாயிற்று. இனி நூலை வெட்ட வேண்டும். குட்டிக் கத்திரி வலது கை ஓரத்தில், எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. அவர் கத்திரியை எடுக்கவில்லை. கண்ணை மைக்ராஸ்கோப் குழாயிலிருந்து எடுத்தார், தலையைக் குனிந்தார், வாயை நூலுக்குக் கொண்டுபோய்ப் பல்லால் கடித்தார்.

கடைக்காலத்துப் பழக்கம் அது. உடுப்புத் தைக்கிறவன் எவனும் நூலுக்காகக் கத்திரியைத் தேட மாட்டான். முடிச்சு விழுந்ததும் பல் தானாக வந்துவிடும். கம்பெனியில் சேர்ந்தபோது பயிற்சி கொடுத்தவர், டெய்லர்மார் எல்லாம் பல்லைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று தினமும் சொல்லிச் சொல்லித்தான் அதை மறக்கடித்திருந்தார். மறந்துவிட்டதாகத்தான் இவரும் நினைத்திருந்தார்.

பல்லில் நூல் தட்டவில்லை, மாஸ்க் துணிதான் தட்டியது. அப்போதுதான் தான் என்ன செய்கிறோம் என்றே அவருக்கு உறைத்தது. மாஸ்க்கின் முன்பக்கம் இதழின் மேல் நன்றாகப் படிந்திருந்தது.

மெதுவாக நிமிர்ந்தார். யாரும் பார்க்கவில்லை. ரேடியோகூடத் தன் குழாயில் கண்ணைப் புதைத்துக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வால்வு பார்க்கப் பழையபடியேதான் இருந்தது. இன்னும் மருந்துத் தண்ணீரில் போடுவார்கள், கிருமி போகச் செய்வார்கள், இன்னொருத்தர் உருட்டிப் புரட்டிப் பார்ப்பார். ஒன்றும் ஆகாது என்று மனசு ஒரு பக்கம் சொல்லியது. அதைக் காதில் வாங்கிக்கொள்ளத் தெம்பில்லாத மாதிரி, அவர் இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கினார். ஏதாவது கெட்டுப்போனால் அப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும், அதுதான் அங்கே முறை.

சூப்பர்வைசர் அம்மா வந்தார்.

"என்ன ஆச்சு?"

"கடிச்சிட்டேன் மேடம்."

"எதை?"

"நூலை."

அந்த அம்மா திட்டியிருந்தால் தேவலை. வால்வை இடுக்கியால் எடுத்துக் கழிவு போடும் சிவப்புத் தொட்டியில் போட்டார். பிறகு டெய்லரின் கண்ணை உற்றுப் பார்த்தார். "தூங்கி எத்தனை நாள் ஆச்சு? வீட்டுக்குப் போங்க டெய்லர்" என்றார். ரேடியோ தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அங்கியைக் கழற்றியவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு வால்வு போனதற்காக இல்லை. இந்தத் தடவை பல்லில் துணி தட்டியதால் தெரிந்தது. போன வாரமும் தூங்காமல்தான் வந்தார். அப்போது குனிந்தாரா? மாஸ்க் இதழில் படாமல், பட்டும் படாமல் போயிற்றா? எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை. அவர் தைத்ததுதான் வேண்டும் என்று அங்கே ஒருத்தி மூச்சைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். மத்தியானம். வார்டில் வெயில் கட்டில்வரைக்கும் வந்திருந்தது. அத்தான் மருந்து வாங்கப் போயிருந்தார். அக்கா தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தாள், உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்னடா இந்த நேரத்துல? துரத்திட்டானுங்களா?"

"வீட்டுக்குப் போகச் சொன்னாங்க."

"என்ன பண்ணித் தொலைச்ச?"

சொன்னார். நூலைக் கடித்தது, மாஸ்க் பட்டது, கையைத் தூக்கியது எல்லாம். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்து, மூச்சு இழுத்து, கண்ணில் தண்ணீர் வந்து, நர்ஸ் ஓடி வந்து இரண்டு பேரையும் ஏசிவிட்டுப் போனாள்.

"சிரிக்காத அக்கா. உனக்கு என்னுது வேணாம். நான் அதைத்தான் சொல்ல வந்தேன். உனக்கு என்னுது வரக் கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டே வர்றேன்."

"ஏன்? ஆட்டுக்கு எல்லாம் தைப்பியாம், எனக்குத் தைக்க மாட்டியா?"

"எனக்கு முடியல அக்கா. கண்ணு முடியல, கழுத்து முடியல. என் கை என்ன பண்ணுதுன்னு எனக்கே தெரியல. பக்கத்து மேஜையில ஒருத்தி இருக்கா, வாய் காது வரைக்கும் இருக்கும், ஆனா அவ தச்சா ஒரு குத்துகூடப் பிசகாது. அவளுது உனக்கு வரட்டும்."

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள். போர்வையின் ஓரத்தை விரலால் நீவினாள்.

"நீ தைக்கறதுல பெரிய கெட்டிக்காரன்னா நான் கேட்டேன்? உன் கையோட லட்சணம் எனக்குத் தெரியாதா? நெஞ்சைப் பொளந்து உள்ள எதையோ வைப்பாங்களாம். யாரோ வெட்டுவாங்க, யாரோ வைப்பாங்க, மாடுகூட யாரோட மாடோ. அதுல ஒண்ணாவது எனக்குத் தெரிஞ்சதா இருக்க வேணாமா? நாளைக்கு அது மக்கர் பண்ணா, டேய்னு கூப்பிட்டுக் கேக்க எனக்கு ஒரு ஆள் வேணாமா?"

யார் தைத்ததாக இருந்தாலும் என்னையே கூப்பிட்டுத் திட்டு என்று சொல்ல நினைத்தார். அதைச் சொல்வதற்குச் சரியான வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வெயிலின் சூடு கழுத்தில் இதமாக விழுந்தது. நாற்காலியில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா இன்னும் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். அவர் பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனார்.

விழித்தபோது வெயில் சுவருக்கு ஏறியிருந்தது. அத்தான் கட்டில் காலடியில் நின்றுகொண்டு, வாய்க்கு நேராக விரலை வைத்து யாரிடமோ சத்தம் போடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் அக்காவின் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்தாச்சா தொரை?" என்றாள் அக்கா. "நீ விட்ட குறட்டையில பக்கத்து வார்டுக்காரன் எட்டிப் பாத்துட்டுப் போனான்."

"கையெழுத்துப் போட்டுட்டா மாப்ள" என்றார் அத்தான். அவரே அதை நம்பாத மாதிரி இருந்தது குரல்.

டெய்லர் எழுந்து நின்றார். "எப்படிக்கா?"

"எப்படியோ. நாளைக்குக் காலைல." ஊசியை எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். "தூங்கறப்ப உன் விரலு சும்மா இல்லடா. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து குத்துது, இழுக்குது, குத்துது, இழுக்குது. அப்பப்ப நின்னு, தண்ணி விடற மாதிரி லேசா ஒரு தட்டு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கிட்டத்தட்ட ஒரு முழு வால்வு தச்சிருப்ப."

"அதுக்கு?"

"அந்த வாயாடிக்கும் அப்படித்தான இருக்கும்? அவளும் வீட்டுல போய்ப் படுத்தா விரலு ஓடத்தான செய்யும்? அங்க இருக்கற எல்லாத்துக்கும்?"

"இருக்கும்."

"அப்ப யாருதா இருந்தா என்ன. போ. போய் வீட்டுல படு. நாளைக்கு வேலைக்கு மட்டும் போயிடாத, சொல்லிட்டேன்."

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அத்தானோடு அறுவை அறைக்கு வெளியே இருக்கிற நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு ஒவ்வொரு தடவை திறந்தபோதும் இரண்டு பேரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, நன்றாக உட்கார்ந்துவிட்டது, கசிவு இல்லை என்றார். அத்தான் அழுதார். டெய்லர் அந்த பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கினார்.

அடுத்த வாரம் மேஜைக்குத் திரும்பினார். சூப்பர்வைசர் அம்மா அவரைச் சில நாள் பழகும் ரப்பரிலேயே தைக்கவிட்டு, கையைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி சவ்வைக் கொடுத்தார். ரேடியோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடுப்பு மாற்றும் அறையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"யாருதாம்ணே? உங்களுதா, என்னுதா? ஆஸ்பத்திரி சீட்டுல வால்வு நம்பர் போட்டிருப்பாங்க, அதைக் குடுங்க, நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

"வேணாம்."

"தெரிஞ்சுக்கணும்னு ஆசை இல்லையா?"

"எங்கக்காவுக்கே இல்ல. எனக்கு என்ன?" தொப்பிக்குள் முடியைத் தள்ளிக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து ஒழுங்காத் தூங்கினியா?"

"எங்கண்ணே. பிள்ளைக்கு ஜுரம். ராத்திரி பூரா முழிப்புத்தான்."

"அப்ப இன்னிக்கு ஊசியத் தொடாத. மேடம்கிட்ட சொல்லிட்டு நூலை அளந்து வெட்டி வைக்கற வேலைக்குப் போ."

"அட, வந்துட்டாருய்யா டாக்டரு!" என்றாள் அவள். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள். ஆனால் போய்ச் சொல்லவும் செய்தாள்.

அதிலிருந்து இது ஒரு தொல்லையாகப் போயிற்று. காலையில் அங்கி மாட்டுகிற இடத்தில் டெய்லர் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருத்தியிடமும் தூங்கினியா, தூங்கினியா என்று கேட்பார். பெண்கள் அவரைப் பார்த்ததும் கண்ணை அகலத் திறந்து காட்டிவிட்டுப் போவார்கள். அவரிடம் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், அக்கா ராத்திரி போன் போட்டு நெஞ்சு அரிக்கிறது, உங்கள் கம்பெனி சரியில்லை என்று திட்டியதைச் சொல்லியிருப்பார்.